தக்காளிப் பெட்டியில் போன கண்ணாடி

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்திக் கொடுப்பது என் வேலை. சட்டை முனையால் கண்ணாடி துடைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாடிக்கையாளர் என்றும் பார்க்க மாட்டேன், திட்டிவிடுவேன். "கண்ணாடிய ஓரத்துல புடிங்க, நடுவுல வெரல வெக்காதீங்க" என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வேன். ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். இருக்கட்டும். அந்த வாயால்தான் எனக்கு ஒரு தோழி கிடைத்தாள். தோழி கிடைத்ததால்தான் தருமபுரி மாவட்டத்தில் இரண்டு பெண்கள் கையால் தேய்த்துச் செய்த ஒரு தொலைநோக்கி இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அதை எதற்கு மறைக்க வேண்டும்?

வானத்தின் மேல் ஆசை வந்தது கடையில்தான். பார்வை பரிசோதிக்க ஒரு பெட்டி நிறைய லென்ஸ் இருக்கும். வியாபாரம் இல்லாத ஒரு சாயங்காலம், பவர் ஒன்று உள்ள லென்ஸை ஒரு மீட்டர் நீள அட்டைக் குழாயின் முனையில் ஒட்டி, மறுமுனையில் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, மொட்டை மாடியிலிருந்து சர்க்கரை ஆலைப் புகைபோக்கியைப் பார்த்தேன். புகைபோக்கி தலைகீழாக, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அப்படியே குழாயை நிலாவுக்குத் திருப்பினேன். நிலா முழுக்கக் குழி குழியாக இருந்தது. கடையில் உள்ள கண்ணாடித் துண்டை வைத்து நானே அதைப் பார்த்துவிட்டேன் என்பதை நம்ப எனக்கு இரண்டு நாள் ஆனது.

அதற்குப் பிறகு வந்த மார்கழியில் வளையச் சூரிய கிரகணம். எங்கள் ஊரில் பகுதி மறைப்பாகத்தான் தெரியும், ஈரோட்டுக்குப் போனால் முழு வளையம் தெரியும் என்று செய்தியில் சொன்னார்கள். கடையைப் பூட்டிவிட்டு, கிரகணம் பார்க்கும் கறுப்புக் கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டு, மொரப்பூரில் விடிகாலை ரயில் ஏறினேன். சேலம் தாண்டிய பிறகு எதிர் இருக்கையில் இருந்த பெண் ஒருத்தி மஞ்சள் பையிலிருந்து எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றை எடுத்து, ஜன்னல் வழியாகச் சூரியனுக்கு நேராகப் பிடித்தாள். நான் எட்டிப் பிடுங்கினேன்.

"கண்ணு போயிடும். அப்புறம் எங்கடைக்கு வந்தாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க வூட்டுக்காரரு கைய ஒடச்சுக்கிட்டப்ப எடுத்த படமுங்க. எதுக்காச்சும் ஒதவட்டும்னு எடுத்தாந்தேன்" என்றாள். நான் ஃபிலிமை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு சுத்தமாக இரண்டாகி இருந்தது. இருவரும் சிரித்துவிட்டோம்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் தக்காளி விவசாயம் செய்கிறவள் அவள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் எந்த நட்சத்திரம் எந்த மாதம் கிழக்கே முளைக்கும் என்பது ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போய் வந்ததிலேயே அவளுக்கு அத்துப்படி. பெயர்கள்தான் தெரியாது. எனக்குப் பெயர்கள் தெரியும், இடம் தெரியாது. ஈரோட்டில் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்று என் ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து வளையத்தைப் பார்த்தோம். சுற்றிலும் கடைகள் சாத்தியிருந்தன, ஒருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவள் தூக்கைத் திறந்து இட்லியை எடுத்து நீட்டினாள். கிரகணம் பிடித்திருக்கும்போதே, நடுரோட்டில், தக்காளிச் சட்னியோடு நாங்கள் நான்கு நான்கு இட்லி சாப்பிட்டோம்.

அந்த மகிழ்ச்சியில்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன். காரிமங்கலத்தில் இருக்கும் என் தாய்மாமாவின் மகள் அப்போது ஐந்து மாத கர்ப்பிணி. போன் போட்டேன். "ராத்திரியிலருந்து ஒண்ணும் சாப்பிடல. ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டியிருக்காங்க" என்று மெல்லிய குரலில் சொன்னாள். "புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, போய்ச் சாப்பிடு" என்றேன். அவள் அம்மாவைக் கெஞ்சி இட்லி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். மாமா பார்த்துவிட்டார். பத்து நிமிடத்தில் எனக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"படிச்ச திமிரா ஒனக்கு? எங்க வூட்டு வாரிசு மேல வெளையாடறியா? இனி எங்க வூட்டுப் படி ஏறாத."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "ஏறலீங்க மாமா" என்று நானும் கத்திவிட்டேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை, மூன்றரைக் கிலோ. பெயர் சூட்டுவதற்கு எனக்கு அழைப்பு வரவில்லை. மனம் வலித்தது. என் கல்யாணத்தில் முறை செய்து, எனக்காக அழுத ஒரே ஆம்பளை அவர்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை அத்தை என் கடைக்கு வந்து, "தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு" என்று மருந்துச் சீட்டை நீட்டுவாள். வலது கண்ணுக்கு எழுதியிருக்கும் பவரைப் பார்த்தாலே அது மாமாவின் கண் என்று தெரிந்துவிடும். நானும் கேட்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள். காரிமங்கலத்தில் கண்ணாடிக் கடை இல்லாமல் இல்லை.

தோழியும் நானும் சேர்ந்து தொலைநோக்கி செய்வது என்று முடிவெடுத்தது அவள் தக்காளிக் கொட்டகையில். ஆறு அங்குல அகலம், ஒரு அங்குலப் பருமன், வட்டமான கனத்த கண்ணாடித் தட்டுகள் இரண்டு. ஒன்றைத் தகர டிரம்மின் மேல் அசையாமல் பொருத்தி, அதன்மேல் கரகரப்பான பொடியைத் தூவித் தண்ணீர் தெளித்து, இன்னொன்றை மேலே வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். கொஞ்சம் தள்ளியதும் டிரம்மைச் சுற்றி ஓர் அடி நகர வேண்டும். இப்படிச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் மேல் கண்ணாடியில் குழிவு விழும். அந்தக் குழிவுதான் நட்சத்திர ஒளியைத் திரட்டித் தரும். போகப் போகப் பொடியை நைசாக மாற்ற வேண்டும். கடைசியில் மெருகு.

"அரைக்கறது நமக்கு என்னக்கா புதுசா?" என்றாள் அவள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போவேன். அவள் தள்ளும்போது நான் பொடி தூவுவேன், நான் தள்ளும்போது அவள் தண்ணீர் தெளிப்பாள். தேய்த்துக்கொண்டே குடும்பக் கதை, மருந்தடிக்கிற கதை, மாமியார் கதை எல்லாம் பேசுவோம். கொட்டகை வழியாகப் போகிறவர்கள், "டிரம்ம வேண்டிக்கிட்டு சுத்தறீங்களா?" என்று கேலி செய்வார்கள். எட்டாவது மாதத்தில், மெருகு போடும் நிலைக்கு வந்த பிறகு, எங்கிருந்தோ ஒரு மணல் துணுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு குறுக்கே ஒரு கீறல் போட்டுவிட்டது. நான் உட்கார்ந்து அழுதேன். அவள் பேசாமல் டிரம்மைக் கழுவி, பழைய கரகரப்புப் பொடியை எடுத்து வைத்து, "எந்திரிங்கக்கா, மொதல்லருந்து புடிக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகு இன்னும் ஏழு மாதம்.

ஆக மொத்தம் பதினைந்து மாத உழைப்பு அந்தக் கண்ணாடி. சவர பிளேடும் சிறு விளக்கும் வைத்துச் சோதித்தபோது அதன் முகம் மேடு பள்ளம் இல்லாமல் இருந்தது. இனி பெங்களூரில் ஓரிடத்தில் கொடுத்து அலுமினியப் பூச்சுப் பூச வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. லென்ஸ் துடைக்கும் துணியில் நான்கு சுற்றுச் சுற்றி, என் கல்யாணத்துக்கு வந்த அகலமான எவர்சில்வர் சம்படத்தில் வைத்து மூடி, அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் அவள் வீட்டுக்குப் போய், அங்கிருந்து இருவரும் பேருந்து ஏறுவதாக ஏற்பாடு.

எட்டு மணிக்குப் போனேன். வாசலில் அவள் வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். பேருந்துக் குலுக்கலில் சம்படம் அடிபடக் கூடாது என்று அவளுக்குக் கவலை. எதில் வைத்தால் அடிபடாது என்று யோசித்திருக்கிறாள். பெங்களூர் வரை நசுங்காமல் போய்ச் சேரும் பொருள் ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். ஒரு தக்காளிப் பெட்டியில் வைக்கோல் போட்டு, நடுவில் சம்படத்தை வைத்து, சுற்றிலும் மேலேயும் கெட்டியான காய்த் தக்காளியாகப் பார்த்து அடுக்கி, கொட்டகையில் ஓரமாக வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறாள். விடிகாலை அவள் கொழுந்தனார் டிராக்டரைக் கொண்டுவந்து, கொட்டகையில் இருந்த பெட்டிகள் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்.

"தக்காளி வெச்சா தக்காளின்னுதானே நெனப்பாங்க. எனக்கு அது ஒறைக்கலையேக்கா" என்றாள். நான் திட்டுவேன் என்று காத்திருந்தாள். ஊரையே திட்டுகிற எனக்கு அப்போது வாய் வரவில்லை. அவளுடைய பதினைந்து மாதமும் அந்தப் பெட்டியில்தானே போயிருக்கிறது. "வண்டியில ஏறு" என்றேன்.

மார்க்கெட்டில் ஏலம் முடிந்து லாரிகளில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் பெட்டி. ஒரே நிறம், ஒரே அளவு, ஆளுயரத்துக்கு மேல் அடுக்கு. பூச்சுப் பூசாத கண்ணாடி. எவனாவது திறந்து கையை வைத்தால், துடைக்கிறேன் என்று துண்டால் ஒரு தேய் தேய்த்தால், எல்லாம் போச்சு.

அவர்கள் சரக்கை வாங்கிய வியாபாரியைக் கண்டுபிடித்தோம். அவர் தோழியைப் பார்த்ததும் எகிறினார். "ஏம்மா, இத்தன வருசமா உங்ககிட்ட வாங்கறேன். பழத்துக்கு நடுவுல ஒரு பொட்டி காயச் சொருகி அனுப்பறீங்களே, நாயமா?" அந்தத் திட்டு எங்கள் காதில் தேனாகப் பாய்ந்தது. காய் இருந்ததால் அந்தப் பெட்டியைத் தனியாகத் தள்ளியிருக்கிறார்கள். லாரியில் ஏறவில்லை.

தள்ளிய பெட்டியைச் சாக்கில் கொட்டியவர் ஒரு சுமைத் தொழிலாளி. டீக்கடையில் இருந்தார். "ஆமாங்க, சில்வர் டப்பா ஒண்ணு உருண்டு வந்துச்சு" என்றார். "இந்தம்மாவோட கொழுந்தனாருகிட்டயே காட்டினேன். மூடில இருக்கற பேரப் படிச்சுப் பாத்துட்டு, எங்களுது இல்லன்னுட்டாரு."

கல்யாணத்துக்குக் கொடுக்கும் பாத்திரத்தில் யார் பெயரை வெட்டுவார்கள்? வாங்குகிறவர் பெயரையா? கொடுக்கிறவர் பெயரைத்தானே. அந்தச் சம்படத்தின் மூடியில் மாமாவின் பெயரும், காரிமங்கலம் என்ற ஊரும், அன்புடன் என்ற சொல்லும் வெட்டியிருந்தது.

"காரிமங்கலம்னு போட்டிருந்துச்சா, நல்ல டப்பா, யாரோ பாவம் தவற விட்டுட்டாங்கன்னு ஏழரை மணி பஸ்ஸுல கண்டக்டருகிட்டக் குடுத்துட்டேனுங்க. அவருக்கு அந்த ஊருல எல்லாரையும் தெரியும்" என்றார் அவர். ஒருவர்கூடத் தப்பு செய்யவில்லை. எல்லோரும் நேர்மையாக நடந்துகொண்டதில் என் கண்ணாடி, நான் கால் வைக்க மாட்டேன் என்று சபதம் போட்ட ஒரே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஸ்கூட்டியில் காரிமங்கலம் போகும் வழி முழுக்க எனக்கு ஒரே படம்தான் ஓடியது. மாமாவுக்குக் கண்ணாடி என்றால் விபூதி போட்டுத் துடைப்பதுதான் பழக்கம். பூஜை அறையில் இருக்கும் படங்களை வெள்ளிக்கிழமைதோறும் விபூதியும் செய்தித்தாளும் வைத்துப் பளபளவென்று தேய்ப்பார். என் கண்ணாடியின் மேல் மெருகுப் பொடி சிவப்பாக லேசாக ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்து அவர் ஒரு தேய் தேய்த்தால் இன்னொரு பதினைந்து மாதம். பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் தோளைப் பிடித்தபடி, "போனாப் போவுதுக்கா, இன்னொண்ணு தேய்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் குரலே அழுதது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது கால் தயங்கியது. ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அத்தைதான் முதலில் பார்த்தாள், "வா கண்ணு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சம்படம் பக்கத்து மேசையில். மூடியிருந்தது. அவர் என் கடைக் கண்ணாடியைப் போட்டிருந்தார்.

"தொறந்தீங்களா மாமா?" என்றேன். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

"தொறந்தேன். துணியப் பிரிச்சும் பாத்தேன்."

"தொட்டீங்களா?"

"தொடாம எப்படிப் பாக்கறது?" என்றார். அவர் என்னை நேராகப் பார்த்தார். "ஓரத்துலதான் புடிச்சேன். நடுவுல வெரல வெக்கக் கூடாதுன்னு மொத மொத கண்ணாடி வாங்கறப்ப நீதான என்னைய அத்தன பேரு முன்னால திட்டுன? செவப்பா ஏதோ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. தொடைக்கணும்னு கை வந்துச்சு. உன் நெனப்பு வந்துச்சு, வுட்டுட்டேன்."

நான் சம்படத்தைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு ரேகை இல்லை. ஒரு கீறல் இல்லை. தோழி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதேன். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுல என்னத்தப் பாப்பீங்க?" என்று கேட்டார். அந்த நேரம் உள்ளேயிருந்து ஒன்றாம் வகுப்புச் சீருடையில் ஒரு பெண் குழந்தை ஓடிவந்து அவர் மடியில் ஏறியது. இட்லி சாப்பிட்ட குழந்தை. கொழுகொழுவென்று இருந்தது. மாமா அதன் தலையைத் தடவிவிட்டு, "பாட்டிகிட்டச் சொல்லி அத்தைக்குச் சாப்புட ஏதாச்சும் குடுக்கச் சொல்லு" என்றார். அவர் என்னைத் தங்கச்சி மகள் என்று மறுபடியும் ஏற்றுக்கொண்டது அந்த இட்லியால்தான் என்று நான் இன்றும் நினைக்கிறேன். அன்றைக்கும் இட்லிதான்.

மறுவாரம் இருவரும் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, இராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூர் போய்ப் பூச்சுப் பூசிக்கொண்டு வந்தோம். பி.வி.சி. குழாய் வாங்கி, ஆசாரியிடம் மரத் தாங்கி செய்து வாங்கி, பொருத்தினோம். குழாயின் அடியில் இருக்கும் கண்ணாடியில் தூசி விழாமல் இருக்க அளவாக ஒரு மூடி தேவைப்பட்டது. கடை கடையாகத் தேடினோம். கடைசியில் அந்தச் சம்படத்தின் மூடிதான் கச்சிதமாக உட்கார்ந்தது.

முதன்முதலில் ஊருக்குக் காட்டியது காரிமங்கலம் வாரச் சந்தையில். மாமாதான் அங்கே வைக்கச் சொன்னார். அன்று அரை நிலா. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, இன்னும் வெயில் இருக்கும்போதே, நிலா உச்சியில் வெளுப்பாகத் தெரிந்தது. கத்தரிக்காய்ப் பையோடு நின்றவர்கள், ஆட்டைப் பிடித்தபடி நின்றவர்கள், வெற்றிலை வியாபாரி, கன்னடம் பேசும் வளையல்காரம்மா எல்லோரும் வரிசையில் நின்றார்கள். தோழி ஒவ்வொருவருக்கும் குழாயைத் திருப்பிக் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்று, "கைய வெக்காதீங்க, கண்ண மட்டும் வைங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். வளையல்காரம்மா பார்த்துவிட்டு, "அய்யோ தேவரே!" என்று கடவுளைக் கூப்பிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொரு முறை பார்க்க வரிசையின் கடைசிக்குப் போனார்.

மாமா வரிசையில் நின்றே பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். நிமிர்ந்து, "தலகீழாத் தெரியுது" என்றார். "ஆமாங்க மாமா, இது அப்படித்தான் காட்டும்" என்றேன். "தலகீழாத் தெரிஞ்சா என்ன, தெரியுதே" என்று சொல்லிவிட்டு, கழற்றி வைத்திருந்த மூடியை எடுத்துக்கொண்டு எங்கோ போனார்.

சந்தையின் மறுகோடியில் பாத்திரக் கடை. பேர் வெட்டும் மெஷினோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். மாமாவின் பின்னாலேயே நான் போனேன். மூடியை நீட்டி, தன் பெயருக்குக் கீழே இருந்த இடத்தைக் காட்டினார். என் பெயரைச் சொன்னார். என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அதையும் வெட்டச் சொன்னார்.

பேர் வெட்டுகிறவர் மெஷினை எடுத்தபடி வழக்கம்போலக் கேட்டார். "இவங்க ரெண்டு பேரும் யாருக்குங்க குடுக்கறாங்க? அன்புடன்னு போட்டுரவா?"

"குடுக்கறதில்லப்பா, செஞ்சவங்க" என்றார் மாமா. "செய்தவர்கள்னு போடு. பெருசாப் போடு."